முதியோர் ஆதனமும் சாட்சிக் கைச்சாத்தும்

உ
சிவமயம்

சிவாலய தரிசனஞ் செய்து மீள்வோர் சண்டேசுரர் சந்நிதியை அடைந்து மும்முறை கைகொட்டி வணங்குதல் மரபு. இதனைத் தாளத்திரயம் என்பர். சிவதரிசன பலத்தைத் தந்தருளும்படி அவரைப் பிரார்த்தித்தலே இதன் கருத்தென்று பெரியோர் கூறுவர். ஆயினும் நம்மூர்ச் சனங்களைக் கேட்டால், “கோயிற்பொருள் ஒன்றும் என் கையில் இல்லையென்று காட்டுகிறோம்” என்றே விடை சொல்வர். சாத்திரக் கருத்து அஃதன்றாயினும், அச்சனங்களுடைய அச்சம் நல்லதோர் அச்சமே. சிவசொத்திலே ஒரு பூவிதழேனும் தம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாகாதென்று உள்ளங்கையைத் துடைக்கின்ற அதே மனிதர், வீட்டுக்குச் சென்று, கண்ணொளி குன்றிய தம் தாயாரிடத்திலே வெற்றுக் கடதாசியிற் கையடையாளம் வாங்குகின்றார். அது களவென்று அவருக்குத் தோன்றுவதில்லை. தாய்க்குந் தோன்றுவதில்லை. இன்றைய பாடம் இதைக் குறித்தது.

முதியோர் பொருளைக் கவர்தல் என்றவுடனே, இரவிலே ஓடு பிரித்து இறங்குங் கள்வனை நினைக்கின்றோம். அவனுக்குப் பூட்டு உண்டு, நாய் உண்டு, பொலீசு உண்டு. பகலிலே, வாயில்வழியே, “அம்மா” என்றழைத்துக்கொண்டு வருபவருக்கு இவையொன்றும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தார், 60 வயதுக்கு மேற்பட்டோருள் ஏறக்குறைய அறுவரில் ஒருவர் ஓராண்டுக்குள்ளே ஏதேனும் ஒருவகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகின்றனர் என்று மதிப்பிட்டிருக்கின்றனர். பொருள்வழித் துன்புறுத்தல் அவ்வகைகளுள் ஒன்று. ஐக்கிய நாடுகள் சபை இக்கொடுமையை நினைப்பூட்டும்பொருட்டு யூன் மாதம் 15ஆந் திகதியை 2011ஆம் ஆண்டிலே குறித்து வைத்தது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலுமானோர் நூற்றுக்கு 12.4 பேர். அதன் பின்னரும் இத்தொகை ஏறியே வருகின்றது. யாழ்ப்பாணத்திலோ வேறொரு காரணமும் சேர்ந்திருக்கின்றது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர்ப் பிள்ளைகள் கனடாவுக்கும் இலண்டனுக்கும் பாரிசுக்கும் போயினர். வீடும் வளவும் போகவில்லை. அவற்றைக் காத்துக்கொண்டு பெற்றோர் இருந்துவிட்டனர். காணியின் விலையோ அவர்கள் கனவிலும் எண்ணாத அளவுக்கு ஏறிவிட்டது. ஆகவே, ஒரு பக்கத்திலே பெருமதியுள்ள ஆதனமும், மறுபக்கத்திலே தனிமையும் ஒருங்கே ஒரு கூரையின்கீழ் இருக்கின்றன.

நம்முடைய முன்னோர் இவ்விஷயத்தை அறியாதவரல்லர். ஒல்லாந்தர் காலத்திலே, 1706-1707ஆம் ஆண்டுகளிலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இவ்விடத்து வழக்கங்களைத் திரட்டி எழுதித் தமிழ் முதலிமார் பன்னிருவருடைய ஒப்புதலைப் பெற்றார். அதுவே தேசவழமை என வழங்குவது. பெற்றோர் உயிரோடிருக்குமளவும் புத்திரர் ஆதனத்திலே உரிமை பேசலாகாதென்றும், விவாகமாகாத புத்திரர் தம்முடைய உழைப்பைக் குடும்பப் பொதுவிலே சேர்த்தல் வேண்டுமென்றும் அதிலே காணப்படுகின்றது. இவ்வேற்பாட்டை இக்காலத்துக்கு அப்படியே கொண்டுவருதல் இயலாது. ஆயினும் அதிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. அக்காலத்து முதியோர்க்கு அரணாயிருந்தது பிள்ளைகளுடைய அன்பு மாத்திரமன்று. ஆதனம் அவர் கையிலே இருந்தமையும் ஓர் அரணேயாம். அன்பை மாத்திரம் அரணாகக்கொண்டு மற்றையதைக் கைவிடும்படி முன்னோர் சொல்லவில்லை.

அந்த அரணிலே ஒரு வாயில் ஆதிதொட்டுத் திறந்தே இருந்தது. அது சீதனம். மகளை விவாகஞ்செய்து கொடுக்கும்போது வீட்டையும் வளவையும் அவள் பேருக்கு எழுதி, அவ்வீட்டிலேயே பெற்றோர் தாமும் இருந்துவிடுதல் நம்மிடையே பெருவழக்கு. மகளும் மருமகனும் அங்கே இருக்குமளவும் இதனால் இடரில்லை. அவர்கள் பிறதேசம் சென்றபின், அல்லது மகள் முந்தி இறந்தபின், அவ்வீட்டிலிருக்கும் முதியோர் எவருடைய வீட்டிலே இருக்கின்றனர்? மகள் மனமிரங்கித் தாய்க்குத் திருப்பி எழுதிக் கொடுக்க விரும்பினாலும் அஃது எளிதன்று. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் முதுசமும் பற்றிய சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட விவாகஸ்திரீ தன் நாயகனுடைய எழுத்துச் சம்மதமின்றித் தன் அசையா ஆதனத்தைத் தன் சீவிய காலத்திலே கைமாற்றல் ஆகாது. நாயகன் நியாயமின்றி மறுப்பானாயின் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். சீதன உறுதியிலே கையெழுத்திடும் பெற்றோருள் இதை அறிந்திட்டோர் எத்தனை பேரென்று தெரியவில்லை. சம்பந்தம் பேசும்பொழுது பரப்பும் பவுணும் கணக்கிடுகின்றவர்கள், தாய்க்கு ஓர் அறை என்பதைக் கணக்கிடுவதில்லை.

இனி, யான் சொல்லக் கூசுகின்ற ஒன்றைச் சொல்லுகின்றேன்.

பல வருடங்களுக்கு முன், அயற்கிராமத்திலே பிள்ளைகளில்லாத விதவையாகிய ஒரு மூதாட்டியார் இருந்தார். வயது எழுபது கடந்தது. ஆறு பரப்பு வளவும் ஒரு கல்வீடும் அவருக்குரியன. அவருடைய தமக்கையின் மகன் அவரைப் பார்த்துவந்தான். பார்த்துவந்தான் என்பது பொய்யன்று. மருந்து வாங்கிக் கொடுப்பான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச்செல்வான். ஒருநாட் காலையிலே அவன் என்னிடத்தில் வந்து, “மாஸ்டர், சின்னம்மா காணியை எனக்கு எழுதுகிறா. சாட்சிக்கு நீங்கள் ஒருக்கால் வரவேண்டும்” என்றான். ஊரிலே உறுதி முடிப்போர் ஆசிரியரைச் சாட்சிக்கழைத்தல் ஒரு மரியாதை. அம்மரியாதையிலே எனக்கும் விருப்பம் இருந்தது. சென்றேன். நொத்தாரிசு உறுதியை வாசித்தார். வேகமாகவே வாசித்தார். மூதாட்டியாருக்குக் காது மந்தம். அவர் உறுதியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “தம்பி, நீர் வந்திருக்கிறீர், பிறகு எனக்கென்ன யோசனை” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். யானும் இட்டேன். தேத்தண்ணீர் குடித்து, பாடசாலைக்கு மணியாயிற்றென்று எழுந்து வந்தேன்.

இரண்டு வருடங்கழிந்து, அக்காணி பிறதேசத்திலிருக்கும் ஒருவருக்கு விற்கப்பட்டது. மூதாட்டியார் ஒரு முதியோர் இல்லத்திலே விடப்பட்டார். இதுவும் எனக்குப் பிந்தியே தெரியவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இல்லத்தார் சிலரைக் கோயிலுக்கு அழைத்துவந்திருந்தனர். வெளிவீதியிலே என்னைக் கண்டு கையைப் பிடித்தார். பழி கூறுவாரென்று நடுங்கினேன். அவர் கூறவில்லை. “தம்பி, நீரும் கையெழுத்து வைத்தீர்தானே? அந்தக் கடதாசியிலே என்ன எழுதியிருந்தது?” என்று கேட்டார்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. யான் அதை வாசிக்கவில்லை. சட்டப்படி சாட்சியானவர் கையெழுத்து இடப்பட்டதற்கே சாட்சி, உள்ளே எழுதியதற்கன்று என்று பிற்பாடு ஒரு சட்டத்தரணி எனக்குச் சொன்னார். அச்சொல் சிலநாள் எனக்கு ஆறுதலாயிருந்தது. பின்னர் அவ்வாறிருக்கவில்லை, ஏனெனில் அவ்வம்மையார் சட்டத்தை நம்பிக் கையெழுத்திடவில்லை, வாத்தியாரை நம்பி இட்டார். இக்கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது அந்த வினாவே.

அந்த உறுதியிலே எழுதியிருந்தது என்னவென்று பின்னர்க் காணிப் பதிவகத்திலே பார்த்தறிந்தேன். அதனை விளங்குதற்கு உறுதிகளின் வேறுபாட்டை அறிதல் வேண்டும். வாசிப்போர் இப்பகுதியை இருமுறை வாசிப்பாராக.

இந்நாட்டிலே காணியைக் கைமாற்றும் உறுதி, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி, எழுத்திலே இருத்தல் வேண்டும். பிரசித்த நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே கூடியிருக்கக் கையெழுத்திடப்படுதல் வேண்டும். வாய்ச்சொல்லாலே காணி போகாது, வரவும் வராது. “உறுதியிலே எழுதாவிட்டாலென்ன, சாகுமட்டும் நீங்கள் இருக்கலாம்” என்று பிள்ளை சொல்லும் வார்த்தை அன்பு நிறைந்ததாயிருக்கலாம். காணியைப் பொறுத்தவரை அது காற்று. வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்குதல் நொத்தாரிசுமார் சட்டத்திலே விதிக்கப்பட்ட கடமை. கண் மங்கினவரும் காது மந்தமானவரும் அவ்விளக்கத்தைத் தாமே கேட்டுப் பெறல் வேண்டும். சாட்சிகளும் அது நடக்கும்படி பார்த்தல் வேண்டும்.

ஆதனத்தைப் பிறருக்குச் சேர்ப்பிக்கும் எழுத்து மூவகையாக நமக்குப் பழக்கமானது. விலைக்கு விற்பது அறுதி உறுதி. விலையின்றிக் கொடுப்பது நன்கொடை உறுதி. இறந்தபின் சேரும்படி எழுதிவைப்பது மரணசாதனம். முதலிரண்டும் கையெழுத்திட்ட அன்றே நடைமுறைக்கு வரும். மரணசாதனமோ எழுதியவர் இறக்குமளவும் ஒருவருக்கும் ஒன்றையுங் கொடுப்பதில்லை. எழுதியவர் நல்லறிவோடிருக்குமளவும் அதை மாற்றலாம், கிழிக்கலாம், வேறெழுதலாம். இதனாலேதான் ஆதனத்தை அவாவுவோர் மரணசாதனத்தை விரும்புவதில்லை. “பிற்காலத்திலே வழக்கு வரும், இப்பொழுதே எழுதிவிடுங்கள்” என்பர். வழக்கு வராமலிருத்தற்காக அன்று, மனம் மாறாமலிருத்தற்காக அவசரப்படுத்துவோரும் அவருள் உளர்.

உயிரோடிருக்கும்போதே கொடுத்தல் ஆகாதோவெனின், ஆம், கொடுக்கலாம். ஆயின் கொடுக்கும்பொழுது சீவிய உருத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு கொடுத்தல் வேண்டும். சீவிய உருத்தாவது, ஆதனம் மற்றொருவர் பேருக்குப் போயினும், கொடுத்தவர் தம் ஆயுள்பரியந்தம் அதிலே வசித்து அதன் வருமானத்தை அனுபவிக்கும் உரிமை. இவ்வுரிமை உறுதியிலே எழுதப்பட்டுப் பதியப்பட்டதாயின், பெற்றவர் காணியை விற்றாலும் வாங்குபவர் அவ்வுரிமைக்குட்பட்டே வாங்குவார். முதியவரை வெளியேறும்படி சொல்லல் இயலாது. நாயகனும் மனைவியும் இருவராயின், ஒருவர் இறந்தபின் மற்றவருக்கும் அவ்வுருத்து நிற்கும்படி எழுதுவித்தல் வேண்டும். இதற்காக ஓர் உறுதியிலே கூடுதலாக எழுதவேண்டியது இரண்டு வரி. அம்மூதாட்டியாருடைய உறுதியிலே அந்த இரண்டு வரியும் இல்லை. ஆறு பரப்பும் வீடும் கிணறும் மரங்களும் யாவும் எழுதப்பட்டிருந்தன. அவர் எழுதப்படவில்லை.

கொடுத்ததை மீட்டல் கூடுமோவெனின், மிக அரிது. மீட்கப்படாததாக எழுதிய நன்கொடையை, பெற்றவர் பெரும் நன்றியீனஞ் செய்தாரென்று மாவட்ட நீதிமன்றத்திலே நிரூபித்து நீக்குவித்தற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி வகுத்திருக்கின்றது. தாமே வேறோர் உறுதி எழுதி முன்னையதைத் தள்ளிவிடலாமென்று எண்ணுவோர் ஏமாறுவர். வழக்கிடுதற்குக் காலவரையறையும் உண்டு. ஆகையால் “பொறுத்துப் பார்ப்போம்” என்று வருடக்கணக்கிலே பொறுப்பவர் தம் வழியைத் தாமே அடைக்கின்றனர். காணி மூன்றாமவர் கைக்குப் போயிற்றாயின் சிக்கல் இன்னும் பெரிது. எழுபத்தைந்து வயதிலே, பெற்ற பிள்ளையை எதிரியாகக் குறித்து நீதிமன்றப் படியேறும் தாய் நூற்றுக்கு எத்தனை பேர்? சட்டம் இருக்கின்றது, அதனிடத்துக்குச் செல்லக் கால்கள் எழுவதில்லை.

அற்றோணித் தத்துவம் என்பது மற்றொன்று. தமக்காக வேறொருவர் கையெழுத்திடும்படி கொடுக்கும் அதிகாரம் அது. ஓய்வூதியம் எடுத்தற்கென்று சொல்லிப் பொதுத் தத்துவம் வாங்கிக் காணியை விற்றோர் உளர். ஒரு கருமத்துக்கு வேண்டுமாயின் அக்கருமத்தை மாத்திரம் குறித்து விசேட தத்துவம் கொடுத்தல் போதும். கொடுத்ததை எழுத்திலே நீக்கலாம். நீக்கினால் வங்கிக்கும் பதிவகத்துக்கும் உடனே அறிவித்தல் வேண்டும், அறிவியாவிடின் பழைய கடதாசி ஊரிலே நடமாடிக்கொண்டேயிருக்கும்.

வங்கிக் காரியங்களை விரிக்கவேண்டியதில்லை. கூட்டுக் கணக்கிலே இருவரில் எவரும் எடுக்கலாம் என்று எழுதினால், எவரும் எடுக்கலாம் என்பதே அதன் பொருள். ஏ.ரி.எம். அட்டையோடு இரகசிய இலக்கத்தையும் எழுதி ஒரு கடதாசியிலே சுற்றிப் பேரனிடம் கொடுத்தல், பெட்டியையும் திறப்பையும் ஒன்றாய்க் கொடுத்தலே. தொலைபேசியிலே வந்து “பரிசு விழுந்தது, உங்கள் கணக்கு முடக்கப்பட்டது” என்று கூறி ஆறு இலக்கங்களைக் கேட்பவன் வங்கியாளன் அல்லன். எவ்வங்கியும் அதைக் கேட்பதில்லை. விதவைகளாய முதியோருடைய பெட்டியிலிருக்குந் தாலிக்கொடியே பெரும்பாலும் முதலிற் போகின்றது. “இரண்டு மாதத்திலே மீட்டுத் தருகிறேன்” என்று அடகுக்கு வாங்கிச் செல்வர். அடகுச்சீட்டு எவர் பேரிலே இருக்கின்றதென்று கேட்டறிதல் வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் தாயின் செலவுக்கென்று உறவினர் கணக்குக்கு அனுப்பும் பணமும் இத்தகையதே. அனுப்பியதும் கடமை முடிந்ததென்றிருத்தல் ஆகாது. தாயிடமே நேரே பேசி, இம்மாதம் என்ன வாங்கினீர்கள், மருந்து தீர்ந்ததா என்று கேட்பவருக்கு, பணம் போய்ச் சேர்ந்ததா என்பது கேளாமலே தெரியவரும்.

இவையெல்லாம் சொல்லும்போது ஒரு மறுப்பு எழுகின்றது. “பெற்ற பிள்ளையிடத்திலே உறுதியும் சீவிய உருத்தும் பேசுவது அன்பில்லாமையன்றோ? ஊர் சிரியாதோ?” என்பர். முதியோர் வாயை மூடுவதிலே இந்த வெட்கத்துக்கு நிகரானது பிறிதொன்றில்லை. பசித்தாலும் சொல்லமாட்டார்கள், சொன்னால் பிள்ளையின் மானம் போமென்று அஞ்சுவர். யான் கேட்பது இது: விவாகத்தை நாம் எழுத்திலே பதிகின்றோம், அதனால் நாயகன் நாயகியிடத்து அன்பு குறைந்ததென்று எவருஞ் சொல்வதில்லை. தாயை உண்மையாய் நேசிக்கும் மகன் சீவிய உருத்தைத் தானே எழுதுவிப்பான். அதைக் கேட்டவுடனே முகஞ்சுளிக்கும் மகனிடத்திலே, கேட்டது நன்றாயிற்று.

மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைத்தல் நீதியன்று. நாலு பிள்ளைகளுள் மூவர் பிறதேசத்திலிருக்க, ஒரு மகள் விவாகமுமின்றிப் பத்து வருடம் தாய்க்குப் படுக்கையிலே பணிவிடை செய்கின்றாள். தாய் வீட்டை அவளுக்கு எழுதுகின்றாள். உடனே மூவரும் ஆகாயவழி வந்து, “அம்மாவை மயக்கி எழுதுவித்துவிட்டாள்” என்று வழக்கிடுகின்றனர். மயக்கியதா, மனமுவந்து கொடுத்ததா என்பதை எங்ஙனம் அறிதல்? முன்னரே ஒழுங்கு செய்திருந்தால் அறியலாம். கொடுப்பவர் தமக்கெனத் தனியே ஒரு சட்டத்தரணியைக் கண்டிருந்தாரா, பெறுபவர் அருகிலில்லாதபோது தம் கருத்தைச் சொன்னாரா, மற்றைப் பிள்ளைகளுக்கு அறிவித்தாரா, அவ்வேளையிலே அவருடைய நினைவு தெளிவாயிருந்ததென்று வைத்தியர் எழுதியிருக்கின்றாரா என்பன பார்க்கத்தக்கன. இவ்வொழுங்குகள் ஏமாற்றப்படும் தாயைக் காப்பன. உண்மையாய் உழைத்த மகளையும் காப்பன. தாயின் பொருளைத் தாய் தன்னிஷ்டப்படி கொடுத்தற்குள்ள உரிமையையும் இவையே காப்பன. பாதுகாக்கின்றோம் என்று சொல்லி முதியவர் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தைப் பறித்துக்கொண்டு, வெற்றிலை பாக்குக்கும் பிள்ளையிடங் கையேந்தச் செய்தலும் ஒருவகைக் கவர்தலே.

இதுகாறும் பிறரைப் பற்றிக் கூறினேன். இனி நம்மைப் பற்றி.

யான் இளமையிலே மிஷன் பாடசாலையிற் படித்தவன். அங்கே வேதபாடம் கட்டாயம். பெற்றோரைத் தாங்கவேண்டிய பொருளை “கடவுளுக்குக் காணிக்கை” என்று சொல்லி விலக்கிவைத்துப் பெற்றோரைக் கைவிடுவோரை இயேசுநாதர் கண்டித்த பகுதியொன்று மாற்கு எழுதிய நூலின் ஏழாம் அதிகாரத்திலே இருக்கின்றது. சோதனைக்காக அதைப் படித்தேன். யாரோ பண்டைத் தேசத்தாருடைய குற்றமென்றே எண்ணினேன். நம்மவர் சிலர்க்கு அந்நூலை இங்கே எடுத்துரைத்தல் பிடியாது என்பதை அறிவேன். ஆயினும் கும்பாபிஷேக மலரிலே உபயகாரர் பேர்களை வாசிக்கும்போதெல்லாம் அவ்வதிகாரம் நினைவுக்கு வருகின்றது. கோபுரத்துக்கு இலட்சக்கணக்கிலே கொடுத்த ஒருவருடைய தந்தையார், இரண்டு வேட்டிகளோடு இல்லமொன்றிலே இருக்கின்றார் என்று கேள்விப்படும்போது, அவ்வுபயத்தை ஏற்றுக்கொண்ட நாம் எதை ஏற்றுக்கொண்டோம்? சண்டேசுரநாயனார் தந்தையின் தாளைத் துணித்தாரே என்று சாதிப்போரும் உளர். அவர் துணித்தது சிவபூசைக்கு நேர்ந்த இடையூற்றை. தந்தையின் காணியைத் தம் பேருக்கு எழுதுவித்துக்கொண்டாரென்று எச்சரித்திரமும் கூறவில்லை.

உபயம் மாத்திரமன்று. பிள்ளையற்ற முதியோர் தம் காணியைக் கோயிலுக்கும் மடத்துக்கும் சபைகளுக்கும் தருமசாதனஞ் செய்தல் புண்ணியமென்று நாமே பிரசங்கிக்கின்றோம். புண்ணியமே, மறுக்கவில்லை. ஆயினும் நோயுற்றுப் படுத்திருக்கும் ஒருவர் கட்டிலருகே, தருமகர்த்தாக்கள் இருவரும் நொத்தாரிசும் போய் நிற்பதை யான் கண்டிருக்கின்றேன். பெறாமகன் நின்றால் பேராசை என்கின்றோம். நாம் நின்றால் தருமம் என்கின்றோம். ஆகையால் நம் சபைகள் தமக்கென ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. எழுபது வயது கடந்தவர் காணி கொடுக்க வந்தால், அவர்தம் சட்டத்தரணியைத் தாமே கண்டு வருமளவும் ஏற்கலாகாது. ஒரு மாதமாவது இடைவெளி விடல்வேண்டும்; ஒரு மாதத்திலே மாறிவிடும் தருமம் முதலிலேயே அவருடைய தருமமன்று. சீவிய உருத்தின்றி எழுதிய நன்கொடையைச் சபை ஏற்கலாகாது. கொடுத்தவருடைய உணவுக்கும் மருந்துக்கும் வழி என்னவென்று கேட்டுக் கூட்டக் குறிப்பிலே பதிதல் வேண்டும். இதனாலே சபைக்கு வரும் காணி குறையும் என்று ஒரு தருமகர்த்தர் என்னிடம் வருந்தினார். குறையட்டும்.

இப்பொழுதே துன்பத்திலிருப்போர் செல்லத்தக்க இடங்களையும் கூறுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரித்தலைப் பிள்ளைகளுடைய கடமையாக்கி, அவர்களை வேண்டுமென்றே கைவிடலாகாதென்று விதித்திருக்கின்றது. அச்சட்டம் 2011ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. தம்மைத் தாமே தாங்க இயலாத பெற்றோர், அச்சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை கொடுக்கவேண்டிய தொகையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அச்சபைக்கு உண்டு. பிள்ளை பிறதேசத்திலிருப்பின் கட்டளையை நிறைவேற்றுவித்தல் கடினம் என்பதையும் ஒளியாது சொல்லுகின்றேன். பிரதேச செயலகத்தையும் கிராம உத்தியோகத்தரையும் அணுகினால் விண்ணப்பிக்கும் வழியைக் காட்டுவர். கையெழுத்து மோசடியாயின் பொலீசுக்குச் செல்லல் வேண்டும். தம் காணி இன்னுந் தம் பேரிலே இருக்கின்றதோவென்று ஐயமுள்ளவர் காணிப் பதிவகத்திலே கட்டணஞ் செலுத்திப் பதிவைப் பார்க்கலாம். தாம் செல்ல இயலாதாயின் வேறொருவரைக்கொண்டும் பார்ப்பிக்கலாம். ஆதன உறுதிகளின் பிரதியொன்றை, அவ்வாதனத்திலே பங்கு எதிர்பாராத ஒருவரிடம் வைத்திருத்தல் நன்று.

கோயில் வகுப்புகளிலும் சபைக் கூட்டங்களிலும் இப்பாடத்தை நடத்துவோர் கீழ்வரும் வினாக்களைக் கேட்பாராக. எழுத்தில் விடை வாங்கவேண்டியதில்லை.

சீவிய உருத்து என்பது யாது? அறுதி, நன்கொடை, மரணசாதனம் ஆகிய மூன்றனுள், எழுதியபின்னரும் எழுதியவர் தம் இஷ்டப்படி மாற்றத்தக்கது எது? உம்முடைய தாய் தந்தையர் இப்பொழுது இருக்கும் வீடு எவர் பேரிலே இருக்கின்றது? அது அவர்களுக்குத் தெரியுமா? கடந்த மாதம் அவர்களுடைய பணத்திலிருந்து நீர் எடுத்ததை அவர்களிடஞ் சொன்னீரா? நீர் சாட்சியாகக் கைச்சாத்திட்ட உறுதிகள் எத்தனை? அவற்றுள் நீர் வாசித்தவை எத்தனை?